குவார்ட்டர்பேக் என்னும் மீட்பன்: தோற்கும் அணியின் முதல் தெரிவு பற்றி

ஏப்ரல் கடைசியில் அமெரிக்க ஃபுட்பால் அணிகள் கல்லூரிப் பையன்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் சடங்கு நடக்கிறது. டிராஃப்ட் என்று பெயர். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே ஒரு கேள்வி சலிக்காமல் கேட்கப்படும். போன பருவத்தில் தோற்றுத் தோற்று அடிமட்டத்துக்குப் போன அணி, அந்த வருடத்தின் ஆகச்சிறந்த குவார்ட்டர்பேக்கை எடுக்க வேண்டுமா, வேண்டாமா? பையனின் உயரம் எத்தனை, உள்ளங்கை எவ்வளவு அகலம், பந்து கையைவிட்டுப் போக எத்தனை விநாடி, தோற்றால் அழுகிற ரகமா என்றெல்லாம் அலசுவார்கள். இருபது வருடங்களுக்கும் மேலாக இல்லினாயில் இருந்துகொண்டு இந்த அலசலைக் கேட்டுவருகிறேன். இந்தக் கேள்வியின் இலக்கணம்தான் என்னை உறுத்துகிறது. எழுவாய் அணி, செயப்படுபொருள் பையன். சந்தேகத்துக்கு உள்ளாவது எப்போதும் செயப்படுபொருள்தான். எழுவாயைக் கூண்டில் ஏற்றி யாரும் விசாரிப்பதில்லை. ஓர் அணி கடைசி இடத்துக்கு வந்தது எப்படி, அப்படி வந்த அணியின் கையில் ஓர் இருபத்தொரு வயது உடம்பை ஒப்படைப்பதற்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்விகள் இந்தச் சொல்லாடலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன.

ஆட்டம் தெரியாத வாசகருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது நாம் அறிந்த கால்பந்து அல்ல. காலுக்கு இதில் வேலை மிகக் குறைவு. பக்கத்துக்குப் பதினொரு பேர். தாக்கும் அணியின் நடுவில் நிற்கிற சென்டர், குனிந்து பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் தருகிறார். வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். அவருக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் எதிரணியின் நிலையைப் படித்து, ஓடுகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்து, எறிந்தாக வேண்டும். அந்த இரண்டரை விநாடியைச் சம்பாதித்துக் கொடுப்பது அவருக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐந்து பேர்: ஒரு சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டேக்கிள். ஒவ்வொருவரும் நூற்றுநாற்பது கிலோவுக்குப் பக்கத்தில். சுவர் உடைந்தால், எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்த்துவிடுவார்கள். அதன் பெயர் 'சாக்'. இந்த ஐந்து பேரின் பெயர் பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் அவர்கள் பெயர் கேட்பது பெரும்பாலும் தப்பு செய்து அணிக்குத் தண்டனை வாங்கித்தரும்போதுதான்.

ஆக, ஆறு பேர் சேர்ந்து செய்யும் ஒரு வேலை, பார்வையில் ஒருவருடைய செயலாகக் கட்டமைக்கப்படுகிறது. காமிராவும் அவரைத்தான் பின்தொடர்கிறது. வெற்றி தோல்விக் கணக்குகூட அவர் பெயரில்தான் எழுதப்படுகிறது: இன்னார் 'வென்ற' ஆட்டங்கள் இத்தனை என்று. வேறெந்த இடத்தில் ஆடுகிறவருக்கும் இந்தக் கணக்கு கிடையாது. தொன்மம் எப்படி வேலை செய்கிறது என்று ரொலான் பார்த் விளக்கியதை நாம் படித்திருக்கிறோம்: மனிதர்கள் செய்து வைத்த ஏற்பாடு ஒன்று, இயற்கையே அப்படித்தான் என்பதுபோல் வந்து நிற்கும். குவார்ட்டர்பேக் என்னும் மீட்பன் அந்த ரகம். கூட்டு உழைப்பு மறைந்து அவதாரம் மட்டும் தெரிகிறது.

இந்த அவதாரத்தை வரவழைக்கும் சடங்குக்கும் ஒரு வரலாறு உண்டு. 1935 பருவத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் 2 ஆட்டங்கள் வென்று 9 தோற்றது. அதன் முதலாளி பெர்ட் பெல். காசுள்ள அணிகளோடு போட்டி போட்டுக் கல்லூரி வீரர்களை வாங்க முடியாமல் நொந்துபோயிருந்த அவர்தான் யோசனை சொன்னார்: கடைசியில் வந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும், எடுக்கப்பட்டவன் அந்த அணியோடு மட்டுமே பேரம் பேச வேண்டும். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். ஈகிள்ஸ் அவரைச் சிகாகோ பேர்ஸுக்குக் கைமாற்றியது. பேர்ஸ் முதலாளி ஜார்ஜ் ஹாலஸ் அவர் கேட்ட தொகையைக் கொடுக்கவில்லை. பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடாமலே வேறு வேலைக்குப் போய்விட்டார். முதல் தெரிவின் முதல் கதையே மறுப்புக் கதை என்பது கவனத்திற்குரியது.

நலிந்தவனுக்கு முன்னுரிமை! முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் இப்படியொரு சமத்துவ ஏற்பாடா என்று பலர் இதைப் புகழ்வதுண்டு. ஆனால் சமத்துவம் முதலாளிகளுக்கிடையேதான். விற்கிறவன், அதாவது உழைக்கப்போகிறவன், ஒரே ஒரு வாங்குகிறவனிடம் நிறுத்தப்படுகிறான். ஏலம் ஒழிந்தால் கூலி குறையும். இது ஒன்றும் ரகசியமில்லை. இதைவிடக் கொடுமையான இன்னொரு விளைவும் இருக்கிறது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆகச்சிறந்த உடம்பு, அதைக் காப்பாற்ற ஆகக்குறைந்த தகுதியுள்ள நிர்வாகத்திடம், விதிப்படியே போய்ச் சேர்கிறது.

இதற்குச் சமீபத்திய உதாரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 2022இல் சிகாகோ பேர்ஸ் 3 வென்று 14 தோற்றது. முதல் தெரிவு கையில் வந்தது. அப்போது அங்கே குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். அந்தப் பருவத்தில் 55 முறை சாக் ஆனவர். 2023 மார்ச்சில் பேர்ஸ் அந்த முதல் தெரிவைக் கரோலைனா பாந்தர்ஸுக்கு விற்றது. பதிலுக்கு அந்த ஆண்டின் 9ஆம், 61ஆம் தெரிவுகள், 2024இன் முதல் சுற்றுத் தெரிவு, 2025இன் இரண்டாம் சுற்றுத் தெரிவு, கூடவே டி.ஜே. மூர் என்ற நல்ல பந்து பிடிப்பாளர். அன்று ராத்திரி நண்பர் ஒருவர் கூப்பிட்டார், திருநெல்வேலிக்காரர், பேர்ஸ் என்றால் உயிர். "என்னண்ணே இது, மொதல் பிக் கையில வந்திருக்கு, அதப் போயி வித்துப்புட்டானுவ! வீடு இடிஞ்சு கெடக்கும்போதுதான நல்ல கொத்தனாரு வேணும்?" என்றார். "கொத்தனார் சரி தம்பி, செங்கல் யாரு வாங்குறது?" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். கோபம்.

கரோலைனா 2022இல் அவ்வளவு மோசமான அணியும் இல்லை, 7 வென்றது. ஆனால் அந்த அக்டோபரிலேயே தன் சிறந்த ஓட்டக்காரர் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு விற்றிருந்தது. இப்போது முதல் தெரிவுக்காகச் சிறந்த பந்து பிடிப்பாளரையும் கொடுத்தாகிவிட்டது. அதாவது மீட்பனை வாங்குவதற்கு, அவன் பந்தை எறிய வேண்டிய ஆளையே விலையாகக் கொடுத்தார்கள். இப்படிக் காலியாக்கப்பட்ட வீட்டுக்குள் வந்தவர் பிரைஸ் யங். அலபாமா பல்கலைக்கழகத்தவர், உயரம் 178 சென்டிமீட்டர். அந்த உயரம் பற்றி அந்த வசந்தகாலம் முழுக்கப் பேசினார்கள். அவர் முன்னால் நிற்கப்போகிற ஐந்து பேர் பற்றிப் பேசியவர்களை விரல்விட்டு எண்ணலாம். பருவம் தொடங்கியது. கார்டுகள் காயத்தில் விழுந்தார்கள். யங் 62 முறை சாக் ஆனார். அணி 2 வென்றது, 15 தோற்றது. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் பதினோரு ஆட்டங்களிலேயே துரத்தப்பட்டார். அணியை 2018இல் சுமார் 227 கோடி டாலருக்கு வாங்கிய முதலாளி டேவிட் டெப்பர், அந்த டிசம்பர் 31 அன்று ஜாக்சன்வில் மைதானத்தில் எதிரணி ரசிகர் மேல் தன் கையிலிருந்த பானத்தை வீசினார். 3 லட்சம் டாலர் அபராதம். மறு பருவத்தில் இரண்டே ஆட்டங்களுக்குப் பிறகு யங் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டார். முதலாளியைப் பெஞ்சில் உட்காரவைக்கும் விதி எதுவும் கிடையாது.

கூத்து இதோடு முடியவில்லை. கரோலைனா தோற்றுத் தோற்றுக் கடைசி இடத்துக்கு வந்ததால், அது ஏற்கெனவே விற்றுவிட்ட 2024இன் முதல் சுற்றுத் தெரிவு, முதல் தெரிவாகவே சிகாகோவிடம் வந்து சேர்ந்தது. இந்த முறை சிகாகோ விற்கவில்லை. ஃபீல்ட்ஸைப் பிட்ஸ்பர்குக்கு ஒரு நிபந்தனையுள்ள ஆறாம் சுற்றுத் தெரிவுக்குக் கொடுத்துவிட்டு, காலெப் வில்லியம்ஸை எடுத்தது. முதல் நாளிலிருந்தே ஆடவைத்தது. விளைவு: 68 முறை சாக். அணி 5 வென்று 12 தோற்றது. பருவத்தின் நடுவில் பயிற்சியாளர் மேட் எபர்ஃபுளூஸ் நீக்கப்பட்டார். நூறாண்டு கடந்த அந்த அணியில் பருவ நடுவே தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டது அதுவே முதல் தடவை. 2023இல் விற்றவர்களே 2024இல் கரோலைனா செய்ததைத்தான் செய்தார்கள். 2025 மார்ச்சில்தான் செங்கல் வாங்கினார்கள்: கன்சாஸ் சிட்டியிலிருந்து ஜோ தூனி, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஜோனா ஜாக்சன், அட்லாண்டாவிலிருந்து சென்டர் டிரூ டால்மன். புதுப் பயிற்சியாளர் பென் ஜான்சன். அதே வில்லியம்ஸ், அதே கை. சாக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது, பேர்ஸ் தன் பிரிவை வென்றது. கரோலைனாவும் 2024இலேயே இரண்டு கார்டுகளை வாங்கியது. ராபர்ட் ஹன்ட் ஒருவருக்கு மட்டும் ஐந்தாண்டுக்குப் பத்துக் கோடி டாலர். 2025இல் அந்த அணியும் 8 வென்று 9 தோற்றபடியே தன் பிரிவில் முதலில் வந்தது. யங்கின் உயரம் அப்போதும் 178 சென்டிமீட்டர்தான்.

*

இங்கே ஒரு சொல்லைப் பார்த்தாக வேண்டும்: 'பஸ்ட்'. எதிர்பார்த்தபடி வராமல் போன முதல் சுற்று வீரனுக்கு வைக்கும் பெயர். வெடித்துப்போனவன், புஸ்வாணம் என்று சொல்லலாம். இந்தச் சொல் ஆள்மேல்தான் ஒட்டும், நிர்வாகத்தின்மேல் ஒட்டாது. 2002இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் தன் முதல் தெரிவில் டேவிட் காரை எடுத்தது. முதல் பருவத்திலேயே அவர் 76 முறை சாக் ஆனார். இன்றுவரை உடைக்கப்படாத லீக் சாதனை. அது அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. சுவராக நின்றவர்கள் பெயரிலோ, அந்தச் சுவரைக் கட்டியவர்கள் பெயரிலோ இல்லை. ஐந்து பருவங்களில் 249 முறை. அதன்பிறகு அவருக்குக் கிடைத்த பட்டம்தான் 'பஸ்ட்'. அடிவாங்கியவனே அடிக்குப் பொறுப்பாளி ஆகும் இந்த மொழி நமக்குப் புதிதல்ல.

இந்தச் சொல்லின் வன்முறையை முழுதாகப் புரிந்துகொள்ள ஃபுளோரிடாவின் தாம்பா பே பக்கனீர்ஸ் அணிக்குப் போக வேண்டும். ஏனென்றால் நம் கேள்விக்கு அங்கே இரண்டு எதிரெதிர் விடைகளும் கிடைக்கின்றன, அதுவும் ஒரே முதலாளியின் கீழ். 1976இல் தொடங்கிய அணி. முதல் பருவத்தில் 14 ஆட்டம், 14 தோல்வி. அடுத்த பருவத்தையும் சேர்த்துத் தொடர்ச்சியாக 26 தோல்வி. அமெரிக்காவே சிரித்தது. ஆனால் அந்தக் காலத்தில் அவர்கள் தெரிவுகளை எப்படிச் செலவழித்தார்கள் என்று பாருங்கள். 1976இன் முதல் தெரிவில் லீ ராய் செல்மன், தடுப்பாட்டக்காரர். 1977இன் முதல் தெரிவில் ஓட்டக்காரர் ரிக்கி பெல். 1978இலும் முதல் தெரிவு கையிலிருந்தது. அதை ஹூஸ்டன் ஆயிலர்ஸுக்கு விற்றுவிட்டு 17ஆம் இடத்துக்கு இறங்கி வந்து, அங்கேதான் குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். கிராம்பிளிங் கல்லூரியின் டக் வில்லியம்ஸ்.

அவர் கறுப்பர். இதன் கனம் புரிய வேண்டுமானால் அன்றைய நிலைமையைச் சொல்ல வேண்டும். சென்டர், குவார்ட்டர்பேக், நடு லைன்பேக்கர் ஆகியவை 'யோசிக்கிற' இடங்கள் என்று கருதப்பட்டன. கறுப்பர்களை அங்கிருந்து ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் உரிய இடங்களுக்கு மாற்றிவிடுவது வழக்கம். 1968இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் முதல் சுற்றில் எடுத்த எல்ட்ரிட்ஜ் டிக்கி கல்லூரியில் குவார்ட்டர்பேக். அவரைப் பந்து பிடிப்பாளராக்கிவிட்டார்கள். டக் வில்லியம்ஸ் எடுக்கப்பட்ட அதே 1978இல், ரோஸ் போல் ஆட்டத்தின் சிறந்த வீரராகத் தேர்வான வாரன் மூனை எந்த அணியும் எடுக்கவில்லை. அவர் கனடாவின் எட்மண்டனுக்குப் போய்த் தொடர்ந்து ஐந்து கோப்பைகள் வென்றார். தாம்பா வில்லியம்ஸை எடுத்ததற்குக் காரணம், அன்று அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜோ கிப்ஸ் நேரில் கிராம்பிளிங் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்து பேசியதுதான்.

விளைவு என்ன? 1979இலேயே, பிறந்து நான்காவது பருவத்தில், அந்த அணி இறுதிக்கு முந்தைய ஆட்டம் வரை போனது. செல்மன் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். 1981, 1982இலும் வில்லியம்ஸ் அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். ஆக, அடிமட்டத்து அணி குவார்ட்டர்பேக்கை எடுக்கலாமா என்றால் எடுக்கலாம், இப்படி எடுக்கலாம். சுவரும் தடுப்பும் நின்ற பிறகு, ஆளை நேரில் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒருவரின் பேச்சைக் கேட்டு எடுத்தார்கள்.

ஆனால் 1982இல் அவருக்குச் சம்பளம் 1,20,000 டாலர். லீகில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குவார்ட்டர்பேக்குகள் பலர் இதைவிட அதிகம் வாங்கினார்கள். அவர் கேட்டது 6 லட்சம். முதலாளி ஹியூ கல்வர்ஹவுஸ் 4 லட்சத்துக்கு மேல் ஏற மறுத்தார். வில்லியம்ஸ் போட்டி லீக் ஒன்றுக்குப் போய்விட்டார். அந்த 2 லட்சம் டாலர் மிச்சம் பிடித்த முதலாளி, அவருக்குப் பதிலாக ஜாக் தாம்சனை வாங்க 1984இன் முதல் சுற்றுத் தெரிவையே சின்சினாட்டிக்குக் கொடுத்தார். 1983இல் தாம்பா 2 வென்றது, 14 தோற்றது. அன்று தொடங்கிய தோல்விப் பருவங்கள் 1996வரை, பதினான்கு ஆண்டுகள் ஓயவில்லை.

இந்தப் பதினான்கு ஆண்டுக்குள் ஓர் உபகதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1985, 1986 இரு பருவங்களிலும் தாம்பா 2-14. அப்போது அங்கே ஆடிக்கொண்டிருந்தவர் ஸ்டீவ் யங். அவர் தொடங்கிய 19 ஆட்டங்களில் வென்றது 3. சரி, இவன் ஒன்றுக்கும் ஆகமாட்டான் என்று முடிவு கட்டினார்கள். 1986இன் முதல் தெரிவாக அவர்கள் எடுத்த போ ஜாக்சன், உங்கள் அணிக்கு வரமாட்டேன் என்று சொல்லி பேஸ்பால் ஆடப் போய்விட்டார். 1987இல் மறுபடி முதல் தெரிவு. இந்த முறை குவார்ட்டர்பேக்தான், வினி டெஸ்டவெர்டி. யங்கை இரண்டு தெரிவுகளுக்கும் கொஞ்சம் பணத்துக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே அவர் ஜோ மான்டானாவின் பின்னால் பொறுமையாகக் கற்று, 1992இலும் 1994இலும் லீகின் சிறந்த வீரரானார். சூப்பர் போல் ஒன்றில் ஆறு டச்டவுன் எறிந்தார். தாம்பாவில் டெஸ்டவெர்டி 1988இல் 35 பந்துகளை எதிரணியிடம் எறிந்தார். அவருடைய நிறக்குருட்டை வைத்து ஊரே கேலி செய்தது. அதே டெஸ்டவெர்டி பத்து ஆண்டு கழித்து 1998இல் நியூயார்க் ஜெட்ஸில் தொடங்கிய 13 ஆட்டங்களில் 12 வென்றார். அப்போதும் நிறக்குருடுதான்.

டக் வில்லியம்ஸோ, வாஷிங்டனில் தலைமைப் பயிற்சியாளராகியிருந்த அதே ஜோ கிப்ஸால் அழைக்கப்பட்டார். 1988 ஜனவரி சூப்பர் போலில், இரண்டாவது கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன். 42-10. அந்த மேடையில் வென்ற முதல் கறுப்புக் குவார்ட்டர்பேக். சில வாரங்களுக்கு முன்தான் தாம்பா 4 வென்று 11 தோற்றுப் பருவத்தை முடித்திருந்தது.

2023 டிராஃப்டில் முதல் நான்கு தெரிவில் மூன்று பேர் கறுப்புக் குவார்ட்டர்பேக்குகள். மீட்பனின் நிறம் மாறிவிட்டது, நல்லதுதான். ஆனால் அதே வசந்தகாலத்தில், சி.ஜே. ஸ்ட்ரவுடின் மூளைத்திறன் பரிசோதனை ஒன்றின் மதிப்பெண் என்று சொல்லப்பட்ட எண் பத்திரிகைகளுக்குக் கசியவிடப்பட்டது. இவனால் வேகமாக யோசிக்க முடியுமா என்று மறுபடியும் அந்தப் பழைய கேள்வி. ஹூஸ்டன் அவரை இரண்டாவதாக எடுத்தது. முதல் பருவத்திலேயே பிளேஆஃபுக்கு இட்டுச்சென்றார், அவ்வாண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது பெற்றார். மறு ஆண்டு முன்வரிசை ஆட்டம்காண, 52 முறை சாக் ஆகி அவருடைய எண்களும் சரிந்தன. மூளை என்னவோ அதேதான்.

*

எதிர்வாதங்கள் இருக்கின்றன. எளிதானதை முதலில் எடுக்கிறேன். பேட்டன் மானிங்! 1998இல் 3 வென்று 13 தோற்றிருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அவரை முதல் தெரிவாக எடுத்தது. முதல் நாளிலிருந்து ஆடினார், 28 பந்துகளை எதிரணியிடம் பறிகொடுத்தார், அணி மறுபடி 3-13. ஆனால் அடுத்த பருவம் 13-3. இதை மீட்பன் கதையாகவே சொல்கிறார்கள். அந்த முதல் பருவத்தில் அவர் சாக் ஆனது 22 முறைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தப்பு செய்ய அவருக்கு அவகாசம் இருந்தது. தப்பிலிருந்து கற்கவும் உடம்பு மிச்சமிருந்தது. டேவிட் காருக்கு இரண்டுமே இல்லை. அதே 1998இல் இரண்டாவதாகப் போன ரயன் லீஃப் விஷயத்தில் சான் டியேகோ நிர்வாகத்தை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாரில்லை; சில சமயம் பையனும் தான் காரணம்.

கடினமான எதிர்வாதம் ஜோ பரோ. சின்சினாட்டி 2020இல் முதல் தெரிவாக எடுத்தது. பத்தாவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. அடுத்த ஏப்ரலில் சுவருக்கு ஆள் எடுங்கள் என்று எல்லோரும் கத்த, அவர்கள் பந்து பிடிப்பாளர் ஜமார் சேஸை எடுத்தார்கள். பரோ 51 முறை சாக் ஆனார், லீகிலேயே அதிகம். ஆனாலும் சூப்பர் போல் வரை போனார்! என் வாதம் உடைந்ததா? ஓரளவுக்கு ஆமாம்தான். மேதைமை சில நேரம் சுவரில்லாமலும் வெல்லும். ஆனால் அந்த இறுதி ஆட்டத்திலேயே 7 முறை அவரைச் சாய்த்தார்கள், தோற்றார்கள். அந்த வெற்றியின் விலையை யார் உடம்பிலிருந்து எடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

மூன்றாவது காசு. பொருளாதாரக்காரர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் 2005இல் சுற்றுக்கு விட்டு 2013இல் அச்சில் வந்த 'தோற்றவனின் சாபம்' என்ற ஆய்வில், முதல் தெரிவுகளுக்கு அணிகள் மிதமிஞ்சிய விலை கொடுக்கின்றன, கொடுக்கும் சம்பளத்தைவிடக் கிடைக்கும் ஆட்டத்தின் மதிப்பு கூடுதலாக இருப்பது இரண்டாம் சுற்று வீரர்களிடம்தான் என்று கணக்குப்போட்டுக் காட்டினார்கள். ஆனால் அது பழைய சம்பளக் காலத்துக் கணக்கு. 2010இன் முதல் தெரிவு சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறாண்டுக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உறுதி செய்யப்பட்டது. 2011இல் புதுமுகச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டின் முதல் தெரிவு கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு 2.2 கோடி மட்டும். அப்போதிருந்து இளம் குவார்ட்டர்பேக் என்றால் மலிவான குவார்ட்டர்பேக். "இப்ப எடுக்காம எப்ப எடுக்குறது?" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோனால், மிச்சமாகும் காசு சுவருக்கல்லவா போக வேண்டும்? கரோலைனா அதைச் செய்தது பையன் 62 முறை விழுந்த பிறகு.

நல்ல அணிகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். கன்சாஸ் சிட்டி 2016இல் 12 ஆட்டம் வென்ற அணி. 2017இல் 27ஆம் இடத்திலிருந்து 10க்கு ஏறிப் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்து, ஒரு வருடம் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் உட்காரவைத்தது. கிரீன் பே 2005இல் ஏரன் ராஜர்ஸை எடுத்து மூன்று வருடம் காத்திருக்கவைத்தது. இந்தப் பொறுமை தோற்கும் முதலாளிக்குக் கட்டுப்படியாவதில்லை. சீசன் டிக்கெட் விற்க வேண்டும், செப்டம்பரிலேயே அவன் முகம் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் முன்கூட்டியே அறிந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். 1983இல் ஜான் எல்வே, ஒரு வெற்றிகூட இல்லாத பால்டிமோர் கோல்ட்ஸுக்குப் போகமாட்டேன், பேஸ்பால் ஆடப்போகிறேன் என்று மிரட்டி டென்வருக்கு மாறினார். அவருடைய அப்பா கல்லூரிப் பயிற்சியாளர். 2004இல் ஈலை மானிங் சான் டியேகோவை மறுத்து நியூயார்க் போனார். அவருடைய அப்பா ஆர்ச்சி மானிங், 1971இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸால் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். 1982இல் கைமாற்றப்படும்வரை அங்கே ஒரு பருவத்தில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் பார்க்காதவர். 1980இல் அணி 15 தோற்றபோது ரசிகர்கள் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் முகமூடி இல்லாமல் ஆடினார். மகனை அந்த மாதிரி இடத்துக்கு அனுப்பக்கூடாது என்று ஓர் அப்பா நினைத்ததை 'அகங்காரம்' என்று எழுதினார்கள். (சான் டியேகோ அதே ஆண்டு 12 ஆட்டம் வென்றது, ஆகவே அப்பாவின் கணக்கு தப்பு என்று வாதாடலாம். ஆனால் மறுக்கும் உரிமை, கணக்கு சரியாக இருந்தால்தான் உண்டு என்பதில்லை.) காலெப் வில்லியம்ஸின் தந்தையும் சிகாகோவைத் தவிர்க்க வழி தேடியதாக 2025இல் வந்த ஒரு நூல் சொல்கிறது. விதிகளைப் புரட்டிப் பார்த்தும் கதவு திறக்கவில்லை.

ஆகவே என் விடை இதுதான். முன்வரிசையும் பயிற்சியாளரும் உறுதியாகாத அணி முதல் தெரிவில் குவார்ட்டர்பேக்கை எடுக்கக்கூடாது, விற்க வேண்டும். 2023 மார்ச்சில் சிகாகோ செய்தது சரி, 2024இல் செய்தது அவசரம். எடுத்தே தீர வேண்டுமென்றால் ஒரு வருடம் உட்காரவைக்கட்டும். இதைச் சொன்னால், "அப்ப முதலாளி நட்டத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்று நண்பர் கேட்பார். 227 கோடி போட்டு வாங்கிய அணியின் மதிப்பு தோல்வியில் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

டிராஃப்ட் என்பது இன்று முதலாளிகளின் தனி ஏற்பாடு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வீரர்கள் சங்கமும் கையெழுத்திட்டிருக்கிறது. 2020இல் ஏற்கப்பட்ட ஒப்பந்தம் 2030 பருவம்வரை செல்லும். புதுமுகச் சம்பள உச்சவரம்புக்கு 2011இல் ஒப்புக்கொண்டதும் அதே சங்கம்தான். மிச்சமாகும் பணம் பழைய வீரர்களுக்கு வரும் என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். 2030வரை எடுக்கப்படப்போகும் பையன்களில் சிலர் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். 2020 வாக்கெடுப்பு நடந்தபோது அவர்கள் யாரும் சங்கத்தில் இல்லை. வாக்கும் இல்லை.